ஒரு எண்ணுக்கு ஒரு செய்தி

அந்த யோசனை எனக்கு வந்த இடம் ஒரு பள்ளிக்கூட வராந்தா. மழை மாதம். உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த நாட்களாகப் பார்த்துத்தான் புதுச்சேரியிலிருந்து ஒரு கண் மருத்துவக் குழு மரக்காணத்தில் முகாம் போட்டிருந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வரிசை நகரவே இல்லை. ஏன் என்று எட்டிப் பார்த்தால், மேசையில் இருந்த அக்கா மூன்று நோட்டுகளை விரித்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விரலைச் சொருகிக்கொண்டு, பேனாவைப் பிடிக்கக் கை இல்லாமல் வாயில் கடித்திருந்தார். ஒரு நோட்டில் ஆட்களின் பெயர். இன்னொன்றில் யார் கண்ணில் என்ன பார்த்தார்கள் என்பது. மூன்றாவதில் போன் நம்பர்.

"யாரத் திரும்பக் கூப்பிடணும்னு பொறுக்கி எடுக்கவே ஒரு வாரம் ஆவுது பாப்பா," என்றார். "அதுக்குள்ள பாதிப் பேரு மறந்துடறாங்க."

எனக்கு உடம்பே துள்ளியது. அவர் கையில் இருந்தது மூன்று நோட்டு இல்லை, மூன்று டேபிள், கம்ப்யூட்டரில் தகவலை அடுக்கிவைக்கும் கட்டப் பட்டியல்! ஆள் ஒரு டேபிள், பரிசோதனை ஒரு டேபிள், போன் நம்பர் ஒரு டேபிள். ஒவ்வொரு பரிசோதனையும் ஓர் ஆளைச் சுட்டும், ஒவ்வோர் ஆளும் ஒரு நம்பரைச் சுட்டுவார். அப்புறம் கேள்வி ஒன்றுதான்: யாருடைய பரிசோதனையில் 'திரும்ப வரவும்' என்று எழுதியிருக்கிறது, அவர்களுடைய நம்பர் என்ன? அக்காவுக்கு ஒரு வாரம் பிடிக்கும் வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அம்மாவின் முறை வந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவர் என் முதுகில் தட்டினார்.

அப்போது நான் கல்லூரி முடித்து, வேலையில் சேரச் சொல்லி வரவேண்டிய மெயிலுக்காகக் காத்திருந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. இரண்டு மூன்று வாரத்தில் செயலி கட்டத் தயாராகக் கிடைக்கும் ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கை வைத்து அந்த மூன்று நோட்டையும் கட்டி முடித்தேன். டெஸ்ட்டும் எழுதினேன். டெஸ்ட் என்றால், நாம் எழுதிய நிரலைச் சோதிக்க நாமே எழுதும் இன்னொரு சின்ன நிரல். பொய்யாக மூன்று ஆட்களை உண்டாக்கி, பொய்யாகப் பரிசோதனை செய்து, சரியான பட்டியல் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. எனக்கு எல்லாம் பச்சை. அந்தப் பச்சையைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்குது, பருப்ப எறக்கு," என்றாள்.

முதல் வெள்ளோட்டத்திலேயே அக்கா போன் செய்தார். "ஒரே ஆளுக்கு மூணு தடவ மெசேஜ் போவுதுப்பா. அந்த அம்மா பயந்துபோய் கூப்பிடுது, எனக்கு இன்னா ஆச்சி, செத்துப்போவப் போறேனான்னு."

பார்த்தவுடன் புரிந்தது. அந்த அம்மாவுக்கு மூன்று பரிசோதனை நடந்திருந்தது. இரண்டு டேபிளைச் சேர்த்துக் கேட்டால், பரிசோதனைக்கு ஒன்றாக அவர் மூன்று முறை வருவார். இந்த வேலையில் எல்லாரும் முதலில் விழும் குழி இது. ஆளுக்கு ஒரு முறை போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அவசரக்காரி. ஆளுக்கு ஒன்று என்று எழுதாமல், எண்ணுக்கு ஒன்று என்று எழுதினேன். எந்த போனும் இரண்டு தடவை அடிக்காது, விஷயம் முடிந்தது. டெஸ்ட்டில் இருந்த மூவரில் ஒருவருக்கு மூன்று பரிசோதனை கொடுத்தேன். ஒரே ஒரு செய்தி போனது. பச்சை.

என் டெஸ்ட்டில் வாழ்ந்தவர்கள் மூன்று பேர். மூவருக்கும் சொந்தமாக ஆளுக்கொரு போன் இருந்தது.

பொங்கல் கழிந்து அடுத்த முகாம். இந்த முறை மேசையில் லேப்டாப்போடு நானே உட்கார்ந்தேன். எங்கள் தெருப் பெண்கள் செட்டாக வந்தார்கள். உப்பளத்தில் ஒரு மேஸ்திரியின் கீழ் சேர்ந்து வேலை செய்பவர்களைச் செட்டு என்பார்கள். என் அம்மாவும் அந்தச் செட்டுதான். அவர்களில் எனக்கு அதிகம் பழக்கம் எதிர்வீட்டுப் பெரியம்மா. சொந்தம் ஒன்றும் இல்லை, வாய்ப்பழக்கத்தில் பெரியம்மா. பாத்திகளுக்கு நடுவே ஒரு பாதம் மட்டுமே வைக்கக்கூடிய வரப்பில், தலையில் ஈர உப்புக் கூடையோடு, பின்னால் வருகிறவளைத் திரும்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டே நடக்கக்கூடியவர்.

"இன்னா கம்ப்யூட்டரு, எங்க கண்ணெல்லாம் அதுக்குள்ள போட்டு மூடிடுவியா?"

"மூட மாட்டேன் பெரியம்மா. நம்பர் சொல்லுங்க."

"மேஸ்திரி நம்பர போட்டுக்கோ."

யாருமே உப்பளத்துக்கு போன் எடுத்துப் போவதில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் போன் ஒரு வாரம் தாங்காது. விடிவதற்கு முன்னால் போனால் வெயில் ஏறித்தான் திரும்புவார்கள். அதுவரை வீட்டில் என்ன நடந்தாலும் மேஸ்திரி போனுக்குத்தான் தகவல் வரும். அவர் அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருப்பார். பிள்ளையின் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அந்த ஒரே நம்பர்தான். இது எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது எங்கள் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டது அந்த நம்பரில்தான். ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது அது என் நினைவில் இல்லை. இருந்ததெல்லாம் ஒரு பெருமை: முதல் இரண்டு எண்ணைத் தட்டினாலே மேஸ்திரி நம்பர் முழுசாகத் தானே வந்து நின்றது. அந்த வசதியையும் நான்தான் சேர்த்திருந்தேன். "அதே நம்பர்தானே?" என்று கேட்டுக் கேட்டு, ஆறு பேருக்கு அதை அழுத்தினேன். அம்மாவுக்கு மட்டும் என் நம்பர்.

அன்றைக்குக் கண்ணின் அழுத்தத்தை அளந்து, உள்பக்கத்தைப் படம் பிடித்தார்கள். பெரிய டாக்டர் பிறகு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்ப்பார். "ஏதாவது இருந்தா மெசேஜ் வரும்," என்று எல்லாரிடமும் நான்தான் சொன்னேன். ஒன்றும் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன்.

ஒரு வாரம் கழித்து டாக்டரின் குறிப்புகள் ஏறின. பட்டியலை ஓட்டினேன், செய்திகள் போயின. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. மேஸ்திரி நம்பருக்கு ஒரு செய்தி போயிருந்தது, செட்டில் இருந்த கைக்குழந்தைக்காரி ஒருத்திக்கு. மேஸ்திரி வரப்பில் நின்று அதை உரக்கப் படித்ததையும், மற்றவர்கள் அவளைக் கேலி செய்து கூவியதையும் அம்மா சாயந்திரம் சிரித்துக்கொண்டே சொன்னாள். பெரியம்மா வாசலில் நின்று எனக்கே சொன்னார்.

"எனக்கு ஒண்ணுமில்ல பாத்தியா? கம்ப்யூட்டரே சொல்லிடுச்சி. எங்க ஊட்டு மொளகாத்தூளுக்கும் உப்புக்கும் அஞ்சாத கண்ணு இது."

நானும் சிரித்தேன்.

அது உப்பு நன்றாக விளைந்த கோடை. ஒருநாள் காலை அம்மா தண்ணீர் கேனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பெண்கள் வரிசையாகக் கூடை சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். பெரியம்மா மூன்றாவது ஆள். ஒரு திருப்பத்தில் வரப்பு இடதுபக்கம் கொஞ்சம் கரைந்திருந்தது. அவருக்கு முன்னால் போன இருவரும் காலைத் தள்ளி வைத்துத் தாண்டினார்கள். பெரியம்மா நேராக அதில் கால் வைத்தார். கூடையோடு பாத்திக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாக்கா, உப்பு கொட்டச் சொன்னா குளிக்கப் போயிட்ட?" என்று பின்னால் வந்தவள் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தார். நான் போய்க் கை கொடுத்தேன். அவர் இடதுபக்கம்தான் நின்றேன். கை நீட்டியிருப்பது அவருக்குத் தெரியவில்லை. முகத்தை முழுசாகத் திருப்பிய பிறகுதான் பிடித்தார்.

"பெரியம்மா, இந்தக் கண்ணு தெரியலையா?"

"பொக மாரி இருக்குது. நாலஞ்சி மாசமாவே ஓரம் ஓரமா போயிக்கினு இருந்துச்சி, இப்ப நடுவுலயும் தெர்ல. வயசாவுதில்ல?"

"ஏன் காட்டல?"

"காட்டினேனே, உங்கிட்டதான். பிரச்சன இருந்தா மெசேஜ் வரும்னு நீதான சொன்ன? வரல."

அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. கூடையை நிமிர்த்திக்கொண்டு, ஒரு விவரத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. லேப்டாப்பைத் திறந்து அவர் பெயரைத் தேடினேன். இருந்தது. பரிசோதனை இருந்தது. டாக்டரின் குறிப்பும் இருந்தது: இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகம், இடது நரம்பு பாதிப்பு, உடனே வரச் சொல்லவும். 'உடனே' என்ற சொல் ஜனவரி கடைசியிலிருந்து என் டேபிளில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. எதுவும் தொலையவில்லை, யாரும் அழிக்கவில்லை. கேட்ட கேள்விதான் தப்பு. எண்ணுக்கு ஒன்று என்று நான் கேட்டதால், மேஸ்திரியின் எண்ணுக்குப் பின்னால் நின்ற ஆறு பேரில் திரும்ப வரவேண்டிய மூவரில், ஒருவரை எடுத்துக்கொண்டு மற்ற இருவரையும் அது தள்ளிவிட்டது. தள்ளியதை என்னிடம் சொல்லவும் இல்லை. நான் சொல்லச் சொல்லவில்லையே.

செய்யவேண்டிய முறைப்படியே செய்தேன். முதலில் ஒரு டெஸ்ட்: ஒரே நம்பர், இரண்டு ஆள், இரண்டு பேரும் திரும்ப வரவேண்டியவர்கள். செய்தி இரண்டு போக வேண்டும். ஓட்டினேன். சிவப்பு. ஒரு வரியை மாற்றினேன். ஓட்டினேன். பச்சை. ஒரு வரி. குடிக்க எடுத்த தண்ணீர் டம்ளர் கையிலேயே இருந்தது, அதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சுலபமாக இருந்ததைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. கஷ்டமான தப்பாக இருந்திருந்தால், எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றாக இருந்திருந்தால், கொஞ்சம் தேவலை.

விட்டுப்போன இன்னொருவருக்குக் கண்புரை. அவருக்குக் காத்திருக்கலாம், அறுவைச் சிகிச்சை செய்தால் சரியாகிவிடும். முகாம் அக்காவைக் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன். "வேற யாராவது இருக்காங்களான்னு பாருப்பா," என்று மட்டும் சொன்னார். பார்த்தேன். மற்ற குப்பங்களில் ஒரே எண்ணைப் பகிர்ந்தவர்களில் அப்படி யாரும் இல்லை. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

மறுநாள் அம்மாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"அம்மா, நீ சொல்லேன் அவங்ககிட்ட."

"நான் எதுக்குச் சொல்லணும்? நீ மேசயில உக்காந்த, நீயே சொல்லு. மொதல்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ."

போனோம், நானும் பெரியம்மாவும். பஸ்ஸில் போகும்போது சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கன்னத்தைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, விளக்கை அடித்து, காற்றை ஊதி, வட்டத்துக்குள் புள்ளி தெரிகிறதா என்று கேட்டார்கள். இடது கண்ணுக்குக் கேட்டபோது பெரியம்மா ஒவ்வொரு தடவையும் "எங்க?" என்றார். டாக்டர் நல்ல பெண். என் வயதுக்கு நாலைந்து வயது கூட இருக்கும். பெரியம்மாவைப் பார்த்தே சொன்னார்: "போன பார்வை திரும்பாதும்மா. அந்த நரம்பு போயிடுச்சி. வலது கண்ணு இருக்கு, அதைக் காப்பாத்தலாம். தினம் ரெண்டு வேள சொட்டு மருந்து. மாசம் ஒரு தடவ அழுத்தம் பாக்கணும். ஒரு தடவகூட விடக்கூடாது." பிறகு என்னிடம், "மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா இதுலயும் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும்," என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

திரும்பும் வழியில், கீழ்புத்துப்பட்டைத் தாண்டியதும் சொன்னேன். பெரியம்மா ஜன்னல் ஓரம், அவருடைய நல்ல கண் என் பக்கம்.

"உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கணும் பெரியம்மா. டாக்டர் அப்பவே எழுதிட்டாங்க. நான் எழுதினதுல தப்பு. மேஸ்திரி நம்பர்ல மூணு பேருக்குப் போயிருக்கணும், ஒருத்தருக்குத்தான் போச்சி."

முழுசாக என் பக்கம் திரும்பினார். "அவளுக்கு மட்டும் ஏன் போச்சி?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "வரிசையில அவங்கதான் முன்னாடி பேரு குடுத்தாங்க. மொதல்ல ஏறின பேர எடுத்துக்கிச்சி."

"நாந்தான் அவள முன்னாடி உட்டேன்," என்றார். "கொழந்த அழுவுது, நீ போயி மொதல்ல முடிச்சிக்கினு வான்னு. அவ இன்னா நெனச்சா, கெழவி பயந்துக்கினு பின்னாடி போறான்னு சிரிச்சா."

நான் அழுதேன். பஸ்ஸில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை. அவர் தேற்றுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது. அது வராதபோதுதான் எனக்கே தெரிந்தது. அனுமந்தை நிறுத்தம் தாண்டும்வரை முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது படியைக் காலால் தடவித் தேடினார். நான் கை நீட்டினேன், பிடிக்கவில்லை. தெருமுனையில் நின்று, "நீ கெட்ட பொண்ணு இல்ல. ஆனா கொஞ்ச நாளைக்கு என் ஊட்டுப்பக்கம் வராத," என்றார்.

நான் போகவில்லை. இப்போது அவர் கூடை சுமப்பதில்லை. வரப்பில் நடக்க வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஓர் இடத்தில் நின்று மற்றவர்களுக்குக் கூடை நிரப்பிக் கொடுக்கிறார். யாரையும் திட்டுவதில்லை என்று அம்மா சொன்னாள். அதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை.

சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறாராம். ஆனால் மாதச் சோதனைக்குப் போகமாட்டாராம். "எல்லாம் பாத்தாங்க, படம் புடிச்சாங்க, எழுதி வெச்சிக்கினாங்க. இன்னா ஆச்சி? அவங்களுக்கு எழுதி வெச்சிக்கத் தெரியுது, அவ்ளோதான்," என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். முதல் சோதனை வரும் வியாழக்கிழமை. அந்த ஒற்றைக் கண்ணில் அழுத்தம் குறைந்திருக்கிறதா, மருந்து போதுமா என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும்.

வேலையில் சேரச் சொல்லி மெயில் வந்துவிட்டது, அடுத்த மாதம் சென்னை. அதற்குள் செய்யவேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறேன். முகாம் அக்காவின் சம்மதத்தோடு கேள்வியையே மாற்றிவிட்டேன். யாரைக் கூப்பிட வேண்டும் என்று இனிமேல் கேட்கப்போவதில்லை. கண்ணைக் காட்டியவர்களில் யாருக்கு இன்னும் பதில் போகவில்லை என்று கேட்கிறேன். ஒன்றுமில்லை என்றாலும் 'ஒன்றுமில்லை' என்று பெயர் சொல்லிச் செய்தி போக வேண்டும். போன செய்தியை அந்த ஆளே கேட்டாரா என்று ஒருவர் நேரில் விசாரித்துக் குறிக்க வேண்டும். வந்தவர்கள் எத்தனை பேரோ பதில்களும் அத்தனை. ஒன்று குறைந்தாலும் சிவப்பு. டெஸ்ட்டில் இருந்த பழைய மூன்று பொய் ஆட்களை எடுத்துவிட்டு, ஒரே போனில் ஆறு பெண்களை வைத்திருக்கிறேன். அவர்கள் போக இன்னொருத்திக்கு போனே இல்லை. இரண்டு பேருக்கு ஒரே பெயர். இன்னும் சிலது சிவப்பாகத்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் நாளைக் காலை உப்பளத்துக்குப் போகிறேன். வராதே என்று அவர் சொன்னது வீட்டுக்கு, உப்பளத்துக்கு இல்லை. சின்னப்பிள்ளைத்தனமான சாக்குதான், வேறு வழி தெரியவில்லை. கம்ப்யூட்டர் என்ற பேச்சே எடுக்க மாட்டேன். மன்னிப்பும் கேட்க மாட்டேன், அதைக் கேட்டு அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு உரிமை இல்லை. வியாழக்கிழமை ஏழு மணி பஸ், டாக்டர் பார்ப்பது வலது கண்ணை, மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம், இவ்வளவுதான் சொல்வேன். என்னோடு வரப் பிடிக்காவிட்டால் அம்மா துணைக்கு வருவாள், நான் பின்னால் வேறு சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிப் பார்ப்பேன்.